பிறந்த சிசுவின் குருதியை மாற்றியவர்: டொக்டர் லூயிஸ் டயமண்டின் வாழ்வும் பணியும்

'கன்ஸ், ஜேர்ம்ஸ் அன்ட் ஸ்ரீல்' என்ற நூலின் ஆசிரியர் ஜரெட் டயமண்டின் பெயரைத் தமிழ் வாசகர்களுள் பலர் அறிவர். 1997 ஆம் ஆண்டில் வெளியாகி மறு ஆண்டிலேயே புலிட்சர் பரிசைப் பெற்ற நூல் அது. மனித சமூகங்களுள் சில மேலோங்கியமைக்கும் சில தாழ்ந்தமைக்கும் காரணம் என்ன என்ற வினாவுக்கு அந்நூல் புவியியலில் விடை தேடியது. ஆனால் அவருடைய தந்தையார் யார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. உலகெங்கும் எத்தனையோ இலட்சம் தாய்மார் தத்தம் பிள்ளைகளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுசெல்ல வழிசெய்தவர்களுள் அந்தத் தந்தையும் ஒருவர். டொக்டர் லூயிஸ் கிளைன் டயமண்ட் என்பது அவர் பெயர். குழந்தைகளின் குருதி நோய்களை ஆராயும் மருத்துவத் துறை தனித்து உருப்பெற்ற காலத்தில் அதனை முன்னின்று வளர்த்தவர் அவர். அதனால் அத்துறையின் தந்தை என்றே மருத்துவ உலகம் அவரை அழைக்கின்றது.

1902 ஆம் ஆண்டு மே மாதம் அன்றைய ருஷ்யப் பேரரசின் கிஷினெவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இன்று மொல்டோவா நாட்டின் தலைநகராக விளங்கும் சிசினாவு என்பது அந்நகரே. அவர் பிறந்து ஓராண்டு கழியுமுன், 1903 ஏப்ரலில், அந்நகரில் யூதர்களுக்கெதிராக வெடித்த வன்செயலில் ஐம்பது பேரளவில் கொல்லப்பட்டனர். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. உலகப் பத்திரிகைகள் அக்காலத்திலேயே பரபரப்புடன் எழுதிய கொடுமை அது. மறு ஆண்டு, 1904 இல், டயமண்ட் குடும்பம் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. கைக்குழந்தையுடன் கடல் கடந்து முன்பின் அறியாத நாட்டில் இறங்கிய பெற்றோரின் மனநிலை எத்தகையது என்பதை நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அக்குழந்தை வளர்ந்து ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் 1923 இல் பட்டம் பெற்றது. 1927 இல் அங்கேயே மருத்துவப் பட்டமும் பெற்றது. பொஸ்ரன் நகரின் சிறுவர் வைத்தியசாலையில் அப்போது தலைமை வைத்தியராக இருந்தவர் பேராசிரியர் கென்னத் பிளாக்ஃபான். அவருடைய வழிகாட்டலிற்றான் இளம் டயமண்ட் குழந்தைகளின் குருதியை ஆராயத் தொடங்கினார்.

அந்நாளில் அது எவரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் துறையன்று. வளர்ந்தோரின் குருதிக்கே தெளிவான அளவுகோல்கள் அப்போதுதான் வகுக்கப்பட்டு வந்தன. பிறந்த குழந்தையின் குருதியோ ஒரு நாளில் இருப்பதுபோல் மறுநாளில் இருப்பதில்லை. எது இயல்பு, எது நோய் என்பதையே முதலில் அறிய வேண்டியிருந்தது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி குருதியைப் பரப்பி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் மணிக்கணக்காகப் பார்ப்பதே அன்றைய ஆராய்ச்சி. பொறுமையே அதன் முதற் கருவி.

அவ்வாறு பார்த்தவர் கண்டது என்ன? அக்காலத்து மருத்துவ நூல்களில் பிறந்த குழந்தைகளைக் கொல்லும் நோய்கள் எனத் தனித்தனியாக மூன்று கூறப்பட்டிருந்தன. முதலாவது, உடல் முழுதும் நீர்கோத்து வீங்கிக் குழந்தை இறந்தே பிறப்பது. இரண்டாவது, உயிரோடு பிறந்த குழந்தை ஓரிரு நாட்களில் கடும் மஞ்சள் காமாலையால் மடிவது. மூன்றாவது, பிறந்து சில நாட்களிலோ வாரங்களிலோ குழந்தை வெளிறிச் சோகைகொள்வது. தோற்றத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமை இருப்பதை டயமண்டும் பிளாக்ஃபானும் அவர்களது சகாவான ஜேம்ஸ் பேற்றியும் கண்டனர். மூவகைக் குழந்தைகளின் குருதியிலும், என்பு மச்சையை விட்டு வெளிவரலாகாத, கருவுடன் கூடிய முதிராத செங்குருதிக் கலங்கள் திரள்திரளாகக் காணப்பட்டன. குழந்தையின் உடல் எதனாலோ தன் செங்குருதிக் கலங்களை வேகமாக இழந்துகொண்டிருக்கின்றது. இழந்ததை ஈடுசெய்ய முதிராதவற்றையும் அவசர அவசரமாகக் களத்துக்கு அனுப்புகின்றது. ஆகவே இவை மூன்று நோய்களல்ல, ஒரே நோயின் மூன்று படிகள் என 1932 ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோய்க்குக் காரணம் என்னவென்பதை அவர்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. மருந்து எதனையும் கண்டுபிடிக்கவுமில்லை. சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாகக் கண்டார்கள், அவ்வளவே. ஆயினும் அதுவின்றிப் பின்னர் வந்த எதுவும் வந்திராது. மூன்று பூட்டுகளுக்கு மூன்று திறவுகோல்களைத் தேடிக்கொண்டிருந்த உலகுக்கு, பூட்டு ஒன்றே என்று சொன்ன பணி அது.

இந்நோயின் கொடுமை இன்னொரு வகையிலும் வெளிப்பட்டது. தலைப்பிள்ளை பெரும்பாலும் நலமாகவே பிறக்கும். இரண்டாவது பிள்ளைக்குக் காமாலை காணும். மூன்றாவது இறக்கும், அதற்குப் பின்னர் கருவில் தரிப்பவை வயிற்றிலேயே மடியும். ஒவ்வொரு கருவுக்கும் நோய் கடுமையாகிக்கொண்டே போகும். இதற்கு மருத்துவம் விளக்கம் தராத காலத்தில் ஊர் தானாகவே ஒரு விளக்கத்தைத் தந்துவிடும். தாயின் ராசி என்றும், தோஷம் என்றும், பேய்பிசாசின் வேலை என்றும் சொல்லப்பட்டவை நம் நாட்டில் கொஞ்சமல்ல. மேல்நாட்டிலும் பழி பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுந்தது. அவளுடைய உடலிற் குறை என்றார்கள், மறைவான நோய் என்றார்கள். பிள்ளையை இழந்த தாய் அந்தத் துயரத்தோடு இந்தப் பழியையும் சேர்த்தே சுமந்தாள்.

காரணத்தை நெருங்கி வந்தவர்களுள் முதன்மையான ஒருவர் அத்தகைய ஒரு தாயே என்பது நெஞ்சைத் தொடும் செய்தி. சிக்காகோவைச் சேர்ந்த நோயியல் நிபுணரான டொக்டர் ரூத் டாரோ, தம் சொந்தக் குழந்தையையே இந்நோய்க்குப் பறிகொடுத்தவர். குழந்தையின் குருதியிலுள்ள ஏதோவொன்றைத் தாயின் உடல் அந்நியப் பொருளாகக் கருதி அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது, அவையே சூல்வித்தகத்தைக் கடந்து சென்று குழந்தையைத் தாக்குகின்றன என்று 1938 இல் அவர் எழுதினார். அந்த 'ஏதோவொன்று' எது என்பதில் அவருடைய ஊகம் சரியாக அமையவில்லை. ஆனால் நோயின் வழி அதுவே என்பது பின்னர் உறுதியாயிற்று.

மறு ஆண்டு நியூயோர்க்கில் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்ரெற்சனும் ஒரு வழக்கை வெளியிட்டனர். இறந்த சிசுவைப் பிரசவித்த ஒரு பெண்ணுக்கு அவருடைய கணவரின் குருதி ஏற்றப்பட்டது. இருவரும் ஒரே குருதி இனத்தைச் சேர்ந்தவர்கள். ஆயினும் அப்பெண்ணின் உடல் அதனைக் கடுமையாக நிராகரித்தது. 1940 இல் கார்ல் லான்ட்ஸ்ரைனரும் அலெக்சாண்டர் வீனரும் 'றீசஸ்' காரணியை அறிவித்தனர். இந்த லான்ட்ஸ்ரைனர்தான் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் வியன்னாவில் ஏ, பி, ஓ குருதி இனங்களைக் கண்டறிந்து, அதற்காக 1930 இல் நோபல் பரிசு பெற்றவர். 1941 இல் லெவினும் அவருடைய குழுவினரும் எல்லா இழைகளையும் ஒன்றாக முடிந்தனர். தாய் றீசஸ் எதிர் இனம். தந்தை றீசஸ் நேர் இனம். குழந்தை தந்தையின் வழியே நேர் இனமாகின்றது. முதற் பிரசவத்தின்போது குழந்தையின் குருதி தாயின் குருதியோடு கலக்கத் தாயின் உடல் எச்சரிக்கை அடைகின்றது. அடுத்த குழந்தை உருவாகும்போது அந்த எச்சரிக்கையே ஆயுதமாகின்றது. டயமண்ட் 1932 இல் ஒன்றெனக் கண்ட நோய்க்கு ஒன்பது ஆண்டுகளின் பின்னர் காரணம் கிடைத்தது.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் குழந்தைகள் இறந்துகொண்டேயிருந்தன. அவர்களை எப்படிக் காப்பது என்பதே அடுத்த வினா. குழந்தையின் உடலில் அதன் சொந்தச் செங்குருதிக் கலங்கள் அழிந்துகொண்டிருக்கும். அழிந்த கலங்களிலிருந்து வெளிப்படும் பிலிரூபின் என்ற மஞ்சட் பொருளைப் பிறந்த குழந்தையின் ஈரலால் உடனே அகற்ற முடியாது. அது மூளையிற் படிந்தால் குழந்தை இறக்கும். பிழைத்தாலும் கேட்கும் திறனை இழக்கலாம், கைகால்களை இயக்க முடியாது போகலாம். சாதாரணமாகக் குருதி ஏற்றுவது சோகையை ஓரளவு தணிக்குமேயன்றி, உடலில் ஏற்கெனவே இருக்கும் நஞ்சையோ தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகளையோ நீக்காது.

ஆகவே குழந்தையின் குருதியையே மாற்றிவிடுவது என்ற துணிகரமான எண்ணம் தோன்றிற்று. இது முற்றிலும் புதியதன்று. 1925 ஆம் ஆண்டிலேயே ரொறொன்ரோவின் சிறுவர் வைத்தியசாலையில் டொக்டர் அல்பிரட் ஹார்ட் என்பவர் காமாலை கண்ட ஒரு குழந்தைக்கு இவ்வாறு செய்து அதனைக் காப்பாற்றியிருந்தார். அதே தாயின் பல குழந்தைகள் முன்னர் இவ்வாறே இறந்திருந்தன. ஆனால் காரணம் அறியப்படாத அக்காலத்தில் அது ஒரு தனி நிகழ்வாகவே போயிற்று. 1940 களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் வேறு சிலரும் இதனை முயன்றனர். அவர்கள் தலையிலும் கையிலும் காலிலும் உள்ள நாளநாடிகளைத் தேடினர். சில இறாத்தல் எடையுள்ள சிசுவின் உடலில், நூலினும் சற்றே தடித்த நாளமொன்றைக் கண்டுபிடித்து உலோக ஊசியைச் செலுத்துவது எத்தனை கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஊசியில் குருதி உறைந்துவிடும், நாளம் கிழிந்துவிடும்.

டயமண்டும் அவருடைய சகாக்களும் வேறு வழியைக் கண்டனர். பிறந்த குழந்தையின் உடலில் இயற்கையே திறந்து வைத்திருக்கும் ஒரு வாயில் உண்டு, அதுதான் தொப்புட்கொடி. அதனுள்ளே ஓடும் நாளம் பிறந்த பின்னரும் சில நாட்களுக்கு முற்றாக மூடிக்கொள்வதில்லை. மற்றெல்லா நாளங்களிலும் அதுவே பெரியது. அக்காலத்திற் புதிதாகப் புழக்கத்துக்கு வந்த மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை அந்நாளத்தினூடே செலுத்தி, சிறு அளவு குருதியை ஊசிக்குழலால் வெளியே எடுப்பது. உடனே அதே அளவு கொடையாளியின் குருதியை உள்ளே விடுவது. இருபது மில்லிலீற்றர் எடுத்தல், இருபது மில்லிலீற்றர் கொடுத்தல் என்று இதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஏறக்குறைய அரை லீற்றர் குருதி இவ்வாறு மாற்றப்படும்போது குழந்தையின் பழைய செங்குருதிக் கலங்களுள் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்பட்டவை அகற்றப்பட்டுவிடும்.

இங்கே வாசகர்க்கு ஓர் ஐயம் எழலாம். குழந்தை றீசஸ் நேர் இனமாயிருக்க, அதற்கு எதிர் இனக் குருதியைக் கொடுத்தது ஏன்? காரணம் எளிது. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் நேர் இனக் கலங்களை மட்டுமே தேடி அழிக்கும். எதிர் இனக் கலங்களை அவை தீண்டா. சில வாரங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் மெல்ல மறைய, குழந்தையின் என்பு மச்சை தன் சொந்தக் கலங்களை அச்சமின்றி ஆக்கத் தொடங்கும். பகைவர் தேடும் வீட்டுப்பிள்ளைகளை மறைத்துவிட்டு, அமைதி திரும்பும்வரை விருந்தினரைக் குடியிருத்துவது போன்ற ஏற்பாடு இது.

இந்த முறை பொஸ்ரனிலிருந்து உலகெங்கும் பரவியது. காரணம், இதற்கு அரிய கருவிகள் தேவைப்படவில்லை என்பதே. ஒரு மெல்லிய குழாய், ஓர் ஊசிக்குழல், பொருத்தமான குருதி, பயிற்சி பெற்ற கைகள், கண்விழித்திருக்கும் பொறுமை ஆகிய இவ்வளவும் இருந்தாற் போதும். நோய் கடுமையாகப் பிடித்த குழந்தைகளுள் ஏறக்குறைய அரைவாசிப் பேர் இறந்த நிலை மாறி, உயிரோடு பிறந்தவர்களுள் பெரும்பாலோர் பிழைக்கும் நிலை சில ஆண்டுகளுக்குள் உருவாயிற்று.

வெற்றியின் நடுவே நேர்ந்த ஒரு சறுக்கலையும் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆண்களின் குருதியைவிடப் பெண்களின் குருதியைப் பெற்ற குழந்தைகளே அதிகம் பிழைக்கின்றன என்ற ஒரு முடிவை 1949 இல் டயமண்டின் குழுவினர் வெளியிட்டனர். தாய்மைக்கும் குருதிக்கும் ஏதோ தொடர்பு உண்டென்று நம்புவதற்கு மனித மனம் ஆயத்தமாகவே இருக்கின்றது. ஆனால் பின்னர் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. எந்தக் குழந்தைக்கு எந்தக் குருதி என்பதை முன்கூட்டியே குலுக்கற் சீட்டுப்போலப் பிரித்து ஒப்பிடாவிடின், திறமைமிக்க அவதானிப்பாளரும் ஏமாந்துபோகலாம் என்பதற்கு உதாரணமாகப் புள்ளிவிபரவியலாளர் இதனைக் காட்டுவதுண்டு. மூன்று நோய்களை ஒன்றெனக் கண்ட அதே கண்கள்தாம் இல்லாத ஒரு வேறுபாட்டையும் கண்டன. கண்களை நம்ப வேண்டும். ஆனால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

அதே பொஸ்ரன் வைத்தியசாலையில் இன்னொரு பெரும் நிகழ்வும் நடந்தது. குழந்தைகளின் கடும் குருதிப் புற்றுநோய் அன்று மரண சாசனமாகவே இருந்தது. சில வாரங்கள், அல்லது சில மாதங்கள், அதற்கு மேலில்லை. அங்கு நோயியல் நிபுணராகப் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தின் செயலை முறிக்கும் அமினோப்ரெரின் என்ற மருந்தை 1947 இறுதியில் அக்குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரில் நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 யூன் மாதம் வெளியான கட்டுரை அறிவித்தது. அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஃபார்பரை அடுத்து நிற்கும் பெயர் லூயிஸ் டயமண்ட். நோய் மீண்டும் தலைதூக்கியது உண்மையே. ஆனால் அசைக்கவே முடியாதெனக் கருதப்பட்ட சுவரில் முதல் வெடிப்பு விழுந்துவிட்டது. இன்று வசதி படைத்த நாடுகளில் இந்நோய்க்குள்ளாகும் குழந்தைகளுட் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் குணமடைகின்றனர்.

அந்த மருந்து எங்கிருந்து வந்தது என்பது தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் அதனை உருவாக்கிய ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 இல் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியின் மாணவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுமையான மருத்துவப் பட்டம் கிடைக்காமல் அதனினும் தாழ்ந்த தகுதியையே பெற்றவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1920 களில் பொஸ்ரன் சென்று, கூலிவேலையும் செய்து படித்து ஹாவார்டில் ஆய்வாளரானார். டயமண்ட் அங்கு மருத்துவம் பயின்ற காலமும் அதுவே. ருஷ்யப் பேரரசிலிருந்து வந்த குடியேற்றவாசியும், சென்னையிலிருந்து வந்த குடியேற்றவாசியும் ஒரே நகரிற் பயின்று, இருபது ஆண்டுகளின் பின் ஒரே நோயாளிக் குழந்தையின் கட்டிலருகே தத்தம் உழைப்பால் சந்தித்தனர் எனலாம். அக்கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்ட் மாதம், சுப்பாராவ் காலமானார்.

குருதி மாற்றச் சிகிச்சைக்குக் குருதி வேண்டும். அதுவும் சரியாக இனம் பிரிக்கப்பட்ட குருதி வேண்டும். ஆகவே குருதி இனங்காணும் ஆய்வுகூடமொன்றைப் பொஸ்ரனில் டயமண்ட் முன்னின்று நடத்தினார். 1948 இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பொதுமக்களுக்கான தேசிய குருதித் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் மருத்துவப் பணிப்பாளராக 1950 வரை கடமையாற்றினார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் அச்சங்கம் கறுப்பினத்தாரின் குருதியை ஏற்க மறுத்தது. பின்னர் ஏற்றபோதும் அதனைத் தனியாகப் பெயரிட்டு ஒதுக்கி வைத்தது. குருதிக்கு இனங்கள் உண்டு; ஆனால் அவை மனிதர் வகுத்த இனங்களல்ல என்பதை விஞ்ஞானம் தெளிவாகச் சொல்லிய பின்னரும் அவ்வழக்கம் 1950 வரை நீடித்தது. ஏ இனத்தவர் எல்லா நிறத்திலும் இருக்கின்றனர்; எல்லா மதத்திலும் இருக்கின்றனர். நம் நாட்டு இரத்த வங்கியிலுள்ள பொதிகளும் கொடுத்தவரின் மொழியைச் சொல்வதில்லை.

டயமண்டின் பெயர் இன்று உலக மருத்துவ நூல்களில் நிலைத்திருப்பது ஓர் அரிய நோயின் வழியாகவே. 1938 இல் அவரும் பிளாக்ஃபானும் நான்கு குழந்தைகளைப் பற்றி எழுதினர். பிறந்து சில மாதங்களிலேயே அக்குழந்தைகள் வெளிறத் தொடங்கினர். வெண்குருதிக் கலங்கள் குறையவில்லை. செங்குருதிக் கலங்களை மட்டும் என்பு மச்சை ஆக்க மறுத்தது. 'டயமண்ட் பிளாக்ஃபான் சோகை' என இந்நோய் இன்று அழைக்கப்படுகின்றது. மாதாமாதம் குருதி ஏற்றியே அக்குழந்தைகளை வாழவைக்க வேண்டியிருந்தது. ஏற்றும் குருதியோடு சேர்ந்து வரும் இரும்பு உடலிற் தங்கி இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும் என்ற அடுத்த துன்பமும் வந்தது. தலசீமியா நோயுள்ள குழந்தைகளும் இதே இக்கட்டிலேயே இருந்தனர். உயிர் தரும் குருதியே நஞ்சுமாகும் இந்நிலையைச் சமாளிக்க, 1960 களில் இரும்பை வெளியேற்றும் மருந்து வந்த பின்னரே ஓரளவு வழி பிறந்தது. ஸ்ரெரொயிட் மருந்து இச்சோகை கண்ட பலருக்குப் பயன் தருவது 1950 களில் அறியப்பட்டது. தாம் முதன்முதல் பார்த்த குழந்தைகளையும் பின்னர் வந்தவர்களையும் கைவிடாது தொடர்ந்து அவதானித்து, இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தை 1961 இல் டயமண்ட் கட்டுரையாக்கினார். நோயாளரை ஒருமுறை பார்த்து எழுதுவோர் பலர். கால் நூற்றாண்டு பின்தொடர்ந்து எழுதுவோர் சிலர்.

1941 இல் பிளாக்ஃபான் காலமானார். இருவரும் சேர்ந்து உருவாக்கிய குழந்தைகளின் குருதி பற்றிய வண்ணப்பட நூல் 1944 இலேயே வெளிவந்தது. அதில் ஆசிரியர் பெயர்கள் பிளாக்ஃபான், டயமண்ட் என்றே வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. மறைந்த குருவின் பெயர் முன்னே நின்றது. அவ்வாறே தம்மிடம் பயின்றவர்களையும் அவர் வளர்த்துவிட்டார். டேவிட் நேதன், ஃபிராங்க் ஒஸ்கி ஆகியோர் அவருடைய பயிற்சிக்கூடத்தில் வந்தவர்கள். 1974 இல் அவ்விருவரும் பதிப்பித்த குழந்தைக் குருதியியல் நூல், பல பதிப்புகள் கண்டு இன்றும் அத்துறையின் ஆதார நூலாக விளங்குகின்றது. 1968 இல் ஹாவார்டில் ஓய்வுபெறும் வயதை அடைந்தபோது டயமண்ட் ஓய்வெடுக்கவில்லை. கலிஃபோர்ணியா சென்று சான்பிரான்சிஸ்கோவிலும் பின்னர் லொஸ் ஏஞ்சலீசிலும் கற்பித்தார்.

அதே 1968 ஆம் ஆண்டு வேறொரு வகையிலும் முக்கியமானது. அவர் செம்மைப்படுத்திய சிகிச்சையின் தேவையையே குறைக்கப்போகும் மருந்து அவ்வாண்டிலே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. றீசஸ் எதிர் இனத் தாய்க்குப் பிரசவமானதும் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்குள் 'அன்ரி-டி' என்ற ஊசியைப் போட்டுவிட்டால், அவருடைய உடல் எச்சரிக்கை அடையுமுன்பே குழந்தையின் கலங்கள் அகற்றப்பட்டுவிடும். அடுத்த பிள்ளைக்கு ஆபத்து நேராது. இங்கிலாந்தின் லிவர்பூலில் கிளார்க், ஃபின் ஆகியோரும், நியூயோர்க்கில் ஃபிரெடா, கோர்மன், பொலக் ஆகியோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்ட வழி இது. இம்மருந்தை ஆய்வுகூடத்தில் வெறும் இரசாயனத்தால் ஆக்கிவிட முடியாது. பிறபொருளெதிரி உள்ள மனிதர் எவரேனும் தம் குருதியிலிருந்து அதனைக் கொடுக்க வேண்டும். 2025 இல் காலமான அவுஸ்திரேலியர் ஜேம்ஸ் ஹரிசன், 2018 வரை 1,173 தடவை அவ்வாறு கொடையளித்தார். இருபத்துநான்கு இலட்சம் குழந்தைகளுக்கு அது பயன்பட்டிருக்கலாம் என அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் கணித்தது.

இவற்றோடு, நீல ஒளியின் கீழ்க் குழந்தையைக் கிடத்திக் காமாலையைத் தணிக்கும் முறையும் 1958 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகிப் பரவியது. இவற்றின் விளைவாக, டயமண்டின் கைகள் இரவிரவாகச் செய்த குருதிமாற்றச் சிகிச்சையை நேரிற் காணாமலேயே இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் பயிற்சியை முடித்துவிடுகின்றனர். தொழிலில் இது தோல்வியா? அல்ல. தாம் ஆற்றிய பணி இனித் தேவையில்லை என்ற நிலையைக் கண்ணாற் காண்பதைவிட ஒரு வைத்தியருக்கு வேறு பேறு இருக்க முடியாது. பத்திரிகைகள் ஒரு கண்டுபிடிப்பைத் தலைப்புச் செய்தியாக்கும். ஒரு நோய் சத்தமின்றி விடைபெற்றதை எப்பத்திரிகையும் முன்பக்கத்தில் இடுவதில்லை; இறவாத குழந்தைகளின் பட்டியலை எவரும் வெளியிடுவதுமில்லை. அதனாலேயே இத்தகையோர் மறக்கப்படுகின்றனர்.

ஆயினும் நோய் எல்லா இடத்திலிருந்தும் விடைபெற்றுவிடவில்லை. வறிய நாடுகள் பலவற்றில் அந்த ஊசி இன்றும் எல்லாத் தாய்மார்க்கும் கிடைப்பதில்லை. ஐரோப்பியரிடையே நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் றீசஸ் எதிர் இனத்தவர். தெற்காசியரிடையே அத்தொகை ஏறக்குறைய ஐந்து. குறைவு என்பதாலேயே நம்மிடையே இது எளிதில் மறக்கப்படும் ஆபத்தும் உண்டு. கர்ப்பம் தரித்ததும் குருதி இனத்தைப் பரிசோதிப்பது, எதிர் இனமெனில் அதனைக் கர்ப்பவதிகளுக்கான அட்டையிற் குறித்து வைத்தியரிடம் நினைவூட்டுவது, கரு கலைந்தாலும் அந்த ஊசி தேவையா என்று கேட்பது ஆகியவை எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய எளிய காரியங்கள். நாடு விட்டு நாடு பெயரும் நம்மவர் கோவைகளும் ஆவணங்களும் இன்றியே பிரசவ விடுதிக்குப் போக நேர்வதுண்டு. ஆதலால் தம் குருதி இனத்தை அவரவர் அறிந்து வைத்திருத்தல் நன்று.

1999 ஆம் ஆண்டு யூன் 14 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலீசில் டொக்டர் டயமண்ட் தமது தொண்ணூற்றேழாவது வயதிற் காலமானார். அறுபத்தோராண்டுகளுக்கு முன் அவர் நான்கு குழந்தைகளிற் கண்டு எழுதிய சோகை நோய்க்குக் காரணமான மரபணுக்களுள் முதலாவதை விஞ்ஞானிகள் கண்டறிந்து அறிவித்ததும் அதே ஆண்டிற்றான். கலத்தினுள்ளே புரதங்களை ஆக்கும் றைபோசோமின் ஒரு சிறு பகுதியில் நேரும் பிழை அது. அதன் பின்னர் இன்னும் பல மரபணுக்கள் கண்டறியப்பட்டன; அவ்வாராய்ச்சி இன்றும் தொடர்கின்றது. கண்ணாடித் துண்டிற் பரப்பிய ஒரு துளி குருதியைப் பொறுமையோடு பார்த்த ஒரு மனிதர் எழுப்பிய வினாவுக்கு, அவர் மறைந்த பின்னரும் உலகம் விடை எழுதிக்கொண்டிருக்கின்றது.